புதிய மாடல் இறக்கலாமா? தொழிற்சாலையின் சிக்கலை அளந்து முடிவெடுப்பது எப்படி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் பம்பு தயாரிக்கிறீர்கள். பத்து வருடத்தில் மாடல்கள் மூன்று மடங்காகிவிட்டன, விற்பனையும் ஏறியது, லாபம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இப்போது சோலார் பம்பு இறக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். விற்பனைப் பிரிவு 'உடனே செய்யலாம்' என்கிறது, உற்பத்திப் பிரிவு 'இருக்கிறதையே சமாளிக்க முடியவில்லை' என்கிறது. செயல்பாட்டுச் சிக்கலை, அதாவது வகைகள் பெருகப் பெருக வேலையில் கூடும் பின்னலை, எண்ணாக அளந்து, அதை வைத்து இந்த முடிவை எடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் மாடல்களை எண்ணுவதில் தொடங்காதீர்கள். 'நம்மிடம் 180 மாடல் இருக்கிறது, 60ஐ வெட்டிவிடலாம்' என்று ஆரம்பிக்கிற கூட்டங்களின் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: ஏற்கெனவே யாரும் வாங்காத 60 மாடல்கள் பட்டியலிலிருந்து போகும், தொழிற்சாலையில் எதுவும் மாறாது.

எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மெக்டொனால்ட்ஸைப் பாருங்கள். 2015 அக்டோபரில் அமெரிக்காவில் காலை உணவை நாள் முழுவதும் விற்கத் தொடங்கினார்கள். புதிதாக ஒரு பண்டமும் இல்லை, ஒரு மூலப்பொருளும் இல்லை. மெனுவை எண்ணினால் கூடுதல் சிக்கல் பூஜ்யம். சமையலறையில் நடந்ததோ வேறு. முட்டை வேகும் சூடும் பர்கர் இறைச்சி வேகும் சூடும் ஒன்றல்ல. முன்பு காலையில் ஒன்று, அது முடிந்ததும் மற்றொன்று என்று நேரமே இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவு போனதும் இரண்டு மெனுவும் ஒரே நேரத்தில் ஒரே அடுப்புக்கும் ஒரே கைகளுக்கும் போட்டி போட்டன. பல கடைகள் கூடுதல் கிரில்லும் டோஸ்டரும் வாங்க வேண்டியிருந்தது, வேலை மெதுவாகிறது என்று கடை நடத்துபவர்கள் முணுமுணுத்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு என்னவோ ரொம்பவே பிடித்திருந்தது: அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் அங்கே ஏற்கெனவே இருந்த கடைகளின் விற்பனை 5.7 சதவீதம் கூடியது. இருந்தும் 2020 மார்ச்சில் கொரோனா வந்து சமையலறையை எளிதாக்கியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, நாள் முழுவதுமான காலை உணவை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே ஒரு புதிய பொருள் வந்தால் எத்தனை இடங்களில் வேலை நின்று, மாறி, மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். சிக்கலை ரூபாயாக மாற்றுவதற்கு முன் நிமிடமாக மாற்றுங்கள். நிமிடத்தைப் பற்றி விற்பனையும் உற்பத்தியும் சண்டை போடுவது குறைவு.

இந்த விஷயத்தில் படிக்கத் தகுந்த பெரிய கதை லெகோவுடையது. டென்மார்க்கின் பில்லுண்டில் 1932ல் தொடங்கிய பொம்மை நிறுவனம். 1958ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தப் பிளாஸ்டிக் செங்கல் துண்டின் பெருமையே, குறைந்த வகையை வைத்து எல்லையில்லாமல் கட்டலாம் என்பதுதான். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறத் துண்டுகள் ஆறு இருந்தால் 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் பொருத்தலாம். 1990களின் இறுதியில் விற்பனை தளர்ந்ததும் 'புதுமை போதவில்லை' என்று முடிவு கட்டி எல்லாத் திசையிலும் பாய்ந்தார்கள். வடிவமைப்பாளர்கள் கேட்ட புதுத் துண்டெல்லாம் கிடைத்தது. 1997 வாக்கில் சுமார் 6,000 ஆக இருந்த துண்டு வகைகள் 2004க்குள் 12,000ஐத் தாண்டின. 2002ல் ஒரு தொலைக்காட்சித் தொடரோடு வந்த கலிடோர் பொம்மைகளின் பாகங்களில் பல வேறு எந்தப் பெட்டிக்கும் உதவாதவை.

ஒரு புதுத் துண்டு என்றால் என்ன என்பதைத் தொழிற்சாலைக் கண்ணோடு பாருங்கள். அதற்கு ஒரு அச்சு வேண்டும், அதற்கே பல பத்தாயிரம் யூரோ ஆகும். அந்த அச்சை இயந்திரத்தில் ஏற்றி இறக்க வேண்டும். நிறம் மாறினால் பழைய பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். துண்டுக்குச் சேமிப்புக் கிடங்கில் ஓர் இடம், கணினியில் ஒரு எண், பொதி போடும்போது ஒரு பெட்டி. 300 துண்டு போகவேண்டிய பொம்மைப் பெட்டியில் ஒரே ஒரு துண்டு வராவிட்டால் மீதி 299ம் காத்திருக்கும். வடிவமைப்பாளரின் மேசையில் இந்தச் செலவில் ஒன்றுகூடத் தெரியாது, அவருக்கு அது ஒரு நல்ல யோசனை மட்டுமே. லெகோ பிறகு மீண்டு வந்த கதையை எழுதியவர்கள் சொல்லும் கணக்குப்படி லெகோவுக்கு 11,000க்கும் மேற்பட்ட சப்ளையர்கள் இருந்தார்கள், அது போயிங் நிறுவனத்துக்கு இருந்ததைவிட அதிகம். பொருட்களில் 30 சதவீதம்தான் 80 சதவீத விற்பனையைக் கொண்டுவந்தது. 2003ல் வருவாய் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2004ல் நஷ்டம் சுமார் 190 கோடி டேனிஷ் குரோனர்.

அந்த ஆண்டு தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற யோர்கன் விக் க்னுட்ஸ்டார்ப்புக்கு அப்போது 35 வயது, குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். துண்டு வகைகளைச் சுமார் 7,000 ஆகக் குறைத்தார்கள். கவனியுங்கள், குறைத்தது துண்டுகளை, பொம்மை யோசனைகளை அல்ல. ஒவ்வொரு துண்டின் உண்மையான விலையும் வடிவமைப்பாளர் கண்முன் வந்தது. புதிய பெட்டியில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும் துண்டுகளாகவே இருக்கவேண்டும் என்று விதி வந்தது. 2005ல் லாபம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் 2011ல் நிஞ்சாகோவும் 2012ல் ஃப்ரெண்ட்ஸும் வந்தன. ஃப்ரெண்ட்ஸுக்காகப் புது வடிவ மனித உருவமே செய்தார்கள். அதாவது புதுத் துண்டுக்குத் தடை இல்லை, அதன் விலையைத் தெரிந்துகொண்டுதான் சேர்க்க முடிந்தது.

இதில் இன்னொரு பகுதி, வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் எல்லோரும் படிக்க வேண்டியது. 2006ல் லெகோ தன் உற்பத்தியின் பெரும்பகுதியை ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒப்பந்தத் தயாரிப்பாளரிடம் விட்டது. இரண்டே வருடத்தில், 2008ல், திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. நீண்ட காலம் ஒரே பொருளைச் சீராகச் செய்து பழகிய இடத்தில், பருவத்துக்குப் பருவம் மாறும் பொம்மைத் தேவையும் மிக நுண்ணிய அச்சு வேலையும் பொருந்தவில்லை. வேலையை வெளியே கொடுத்ததும் சிக்கல் உங்கள் கண்ணிலிருந்துதான் மறைகிறது, விலையிலும் தாமதத்திலும் திரும்பி வந்துவிடுகிறது.

சரி, உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம். முதல் அளவு, ஒரே ஒரு மாடலில் மட்டும் போகும் பாகங்கள் எத்தனை என்பது. எல்லா மாடல்களின் பாகப் பட்டியலையும் ஒரே எக்செல் தாளில் போட்டு, ஒவ்வொரு பாகமும் எத்தனை மாடலில் வருகிறது என்று எண்ணுங்கள். இம்பெல்லர், கேஸிங், ஷாஃப்ட், ஸ்டாம்பிங், பேரிங், கேபிள், நட்டு போல்ட் வரை. ஒரே மாடலுக்காக மட்டும் வாழும் பாகங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். அவற்றைப் பார்த்து, பம்பு வாங்கும் விவசாயிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று கேளுங்கள். தண்ணீர் ஏறும் உயரமும் கொட்டும் அளவும் அவருக்குத் தெரியும். ஷாஃப்ட் விட்டம் 22 மில்லிமீட்டரா 24ஆ என்பது அவர் கவலையே இல்லை, அது என்றோ ஒரு வடிவமைப்பாளர் தன் வசதிக்குப் போட்டது. வாங்குபவர் காணாத இந்த வகைகளைக் குறைத்தால் ஒரு விற்பனைகூட குறையாது. மாடல் வெட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது அளவுதான் முக்கியம். உங்கள் ஆலையில் எல்லா வேலையும் வந்து குவிகிற ஓர் இடம் இருக்கும். மெஷினிங்கா (பாகங்களைக் கடைவது), வைண்டிங்கா (மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது), டெஸ்டிங்கா என்பது ஆலைக்கு ஆலை மாறும். அந்த இடத்தில் ஒவ்வொரு மாடலும் எத்தனை நிமிடம் சாப்பிடுகிறது என்று பாருங்கள், ஒரு மாடலிலிருந்து அடுத்ததற்கு இயந்திரத்தை மாற்றி அமைக்கும் செட்டிங் நேரத்தையும் சேர்த்து. ஒரு கற்பனைக் கணக்கு: முதல் மாடல் மாதம் 500 போகிறது, நூறு நூறாக ஓட்டுகிறீர்கள். இரண்டாவது மாடல் மாதம் 15, ஐந்து ஐந்தாக. ஒரு பம்புக்கு இயந்திர ஓட்டம் 6 நிமிடம், ஒவ்வொரு செட்டிங்குக்கும் 40 நிமிடம். முதல் மாடலுக்கு மாதம் ஐந்து செட்டிங், மொத்தம் 3,200 நிமிடம், ஒரு பம்புக்கு 6.4 நிமிடம் வருகிறது. இரண்டாவதற்கு மூன்று செட்டிங், மொத்தம் 210 நிமிடம், ஒரு பம்புக்கு 14 நிமிடம்.

விலையிலிருந்து மூலப்பொருளைக் கழித்தால் முதல் மாடலில் 1,500 ரூபாயும் இரண்டாவதில் 2,400 ரூபாயும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை மேலாளருக்கு இரண்டாவதுதான் தங்கம். ஆனால் நெருக்கடியான இயந்திரத்தின் ஒரு நிமிடத்துக்குப் பார்த்தால் முதல் மாடல் 234 ரூபாய் தருகிறது, இரண்டாவது 171 மட்டுமே. உங்கள் லாபம் ஏன் ஏறவில்லை என்பதற்கு அனேகமாக இந்த வகைக் கணக்கில்தான் விடை இருக்கும்.

அதற்காக உடனே இரண்டாவது மாடலை நிறுத்திவிடாதீர்கள். செட்டிங் நேரம் 40லிருந்து 10 நிமிடமானால்? முதல் மாடல் 6.1 நிமிடம், இரண்டாவது 8 நிமிடம். நிமிடத்துக்கு 246 ரூபாய், 300 ரூபாய். தீர்ப்பே தலைகீழாக மாறிவிட்டது, மாடல் அதேதான். 1969ல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றின் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் அதை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும் பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்துக் காட்டினார். இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய தயாரிப்பையெல்லாம் வெளியே எடுத்து, நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியதை மட்டும் மிச்சம் வைப்பது அவர் முறையின் சாரம். பல வகைகளைச் செய்தும் டொயோட்டா திணறாததற்கு இது ஒரு பெரிய காரணம். ஒரு மாடலின் சிக்கலுக்கு என்றைக்கும் ஒரே விலை கிடையாது, அதைச் சமாளிக்கும் திறமை கூடும்போது விலை இறங்கும். மாடல்களை வெட்டச் சொல்லும் ஆலோசகர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. வெட்டுவது ஒரு மாதத்தில் முடியும், செட்டிங் குறைப்பது ஒரு வருட வேலை, அதுதான் காரணமோ என்னவோ.

செட்டிங் நேரம் தின்பதோடு நிற்பதில்லை, வரிசையையும் நீட்டுகிறது. ஓர் இயந்திரம் எவ்வளவு நிறைந்து ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகக் காத்திருப்பு ஏறும், நேர்கோட்டில் அல்ல. எளிமையான வரிசைக் கணக்கின்படி, 80 சதவீதம் நிறைந்த இயந்திரத்தில் ஒரு வேலை, தான் முடிய ஆகும் நேரத்தைப் போல நான்கு மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் ஒன்பது மடங்கு, 95ல் பத்தொன்பது. நான்கு புது மாடல்கள் சேர்ந்து செட்டிங்கால் இயந்திரத்தை 80லிருந்து 90க்குத் தள்ளினால், பழைய நல்ல மாடலின் டெலிவரி தேதியும் இரட்டிப்பாகத் தள்ளிப்போகும். அந்தத் தாமதத்தை யாரும் புது மாடலின் கணக்கில் எழுதுவதில்லை.

சரக்கிருப்பிலும் இதே கதை. ஒரு பொருளின் தேவையை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சம வகைகளாகப் பிரித்தால், அதே அளவு பாதுகாப்புக்கு வைக்க வேண்டிய உபரி இருப்பு இரண்டு மடங்காகும். ஒன்பதாகப் பிரித்தால் மூன்று மடங்கு. மொத்த விற்பனை ஒரு பம்புகூட ஏறாமலேயே இது நடக்கும். அதனால் வகை பிரியும் இடத்தை எவ்வளவு கடைசிக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பெனட்டன் நிறுவனம் வெள்ளையாகவே பின்னி வைத்துவிட்டு, எந்த நிறம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு சாயம் போட்டது இந்தக் கணக்கால்தான். உங்களிடம் கேபிள் நீளம், கண்ட்ரோல் பேனல், பெயர்ப்பலகை ஆகியவை கடைசி மேசையில் முடிவாகலாம். வைண்டிங்கிலேயே பிரிந்துவிடும் மாடல்கள்தான் விலை உயர்ந்தவை.

வழக்கமான கணக்கு முறையில் இவை ஏன் தெரிவதில்லை? வாடகை, மேற்பார்வை போன்ற மேல்செலவு முழுவதையும் உற்பத்தி அளவையோ கூலி நேரத்தையோ வைத்துப் பங்கிட்டால், 500 போகும் மாடல் பெரும் பாரத்தைச் சுமக்கும், 15 போகும் மாடல் தப்பித்துவிடும். 1980களில் ராபர்ட் கப்லான், ராபின் கூப்பர் என்ற கணக்கியல் பேராசிரியர்கள் செலவை, அதை உண்டாக்கும் வேலைகளின் அடிப்படையில் பிரிக்கச் சொன்னது இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான். அப்படிப் பிரித்து, அதிக லாபத்திலிருந்து குறைந்த லாபம் வரை மாடல்களை அடுக்கி லாபத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கோடு நிறுவனத்தின் மொத்த லாபத்தையும் தாண்டி மேலே போய், பிறகு கீழே வளையும். அதன் உருவத்தை வைத்துத் 'திமிங்கில வளைவு' என்பார்கள். வளையும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் மாடல்கள் மற்றவை சம்பாதித்ததைச் செலவழிக்கின்றன. முழு முறையையும் நிறுவ ஒரு படையே வேண்டும், உங்களுக்கு அது தேவையில்லை. செட்டிங், கொள்முதல் ஆர்டர், தர சோதனை, சர்வீஸ் அழைப்பு என்ற நான்கை மட்டும் மாடல்வாரியாகப் பிரித்தாலே படம் தெளிந்துவிடும்.

சிக்கல் குறியீடு என்று பத்துக் காரணிகளுக்கு மதிப்பெண் போட்டு 7.3, 6.8 என்று எடுப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அந்த எண் எதையும் நிறுத்தாது, எதையும் தொடங்காது.

இன்னொரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் ஆலை ஒரே ஒரு மாடலை மட்டும் செய்வதாகக் கற்பனை செய்து, அப்போது எத்தனை பேர், எவ்வளவு இருப்பு, எத்தனை நாளில் டெலிவரி என்று கணக்கிடுங்கள். பிறகு ஒவ்வொரு வகையாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், செலவு எங்கே திடீரென்று எகிறுகிறது என்று தெரியும். 1908 முதல் 1927 வரை ஃபோர்டு ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களை விற்றதை வைத்து, பெய்ன் என்ற ஆலோசனை நிறுவனத்தார் இந்தப் பயிற்சிக்கு அந்தக் காரின் பெயரையே வைத்தார்கள். பொதுவாகச் செலவு சீராக ஏறாது. ஏதோ ஒரு வகையில், புது சப்ளையரோ புது டெஸ்டிங் வசதியோ தேவைப்படும் இடத்தில் படி ஏறும். அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

படி ஏறுவதே லாபமாக இருப்பதும் உண்டு. இண்டிகோ 2006ல் ஏர்பஸ் ஏ320 குடும்பத்தை மட்டும் வைத்துத் தொடங்கி, பத்து வருடத்துக்கு மேல் அப்படியே நின்றது. விமானிப் பயிற்சி, உதிரிபாகம், பொறியாளர் உரிமம் எல்லாம் ஒரே வகைக்கு. 2017 டிசம்பரில்தான் இரண்டாவது வகையாக ஏடிஆர் என்ற சிறிய விமானத்தைச் சேர்த்தது. அது பெரிய படி, ஏனென்றால் ஏ320 விமானி ஏடிஆரை ஓட்ட முடியாது, உதிரிபாகமும் வேறு. ஆனால் ஏ320 இறங்கவே முடியாத, இறங்கினாலும் இருக்கை நிறையாத ஊர்கள் அதனால் திறந்தன. அப்போது குறுகிய ஓடுபாதை வைத்திருந்த தூத்துக்குடி அப்படி ஒன்று. மாறாக, போயிங் 737ஐ மட்டும் ஓட்டும் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், 2011ல் ஏர்டிரான் என்ற விமான நிறுவனத்தை வாங்கியபோது 88 போயிங் 717 விமானங்கள் கூடவே வந்தன. அவற்றை வைத்துக்கொள்ளாமல் டெல்டாவுக்குக் குத்தகைக்கு விட்டது. அவற்றால் மட்டுமே எட்டக்கூடிய புதுச் சந்தை எதுவும் பெரிதாக இல்லை, சிக்கல் மட்டும் முழுதாக வந்திருக்கும்.

இனி சோலார் பம்பு. இதில் புதிய பாகங்களைவிடப் புதிய வேலைகள்தான் அதிகம். பம்பும் மோட்டாரும் ஓரளவு உங்கள் பழைய வரிசையிலேயே வரும், வைண்டிங் மட்டும், சோலார் பேனலின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கண்ட்ரோலர் தரும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறலாம். கண்ட்ரோலர், பேனல், தாங்கும் சட்டம் மூன்றும் நீங்கள் இதுவரை தொடாதவை. அதைவிடப் பெரிய விஷயம், இந்தச் சந்தையின் பெரும்பகுதி மத்திய அரசு 2019ல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய பிஎம்-குசும் போன்ற மானியத் திட்டங்கள் வழியே வருவது. அங்கே டெண்டர், நிலத்தில் நிறுவிக் கொடுப்பது, தொலைவிலிருந்து கண்காணிக்கும் கருவி, ஐந்து வருடப் பராமரிப்புப் பொறுப்பு, அரசிடமிருந்து பணம் வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தே வரும். இதுவரை டீலரிடம் பம்பைக் கொடுத்ததோடு முடிந்த உங்கள் வேலை, இனி ஒரு கிராமத்து வயலில் ஐந்து வருடம் தொடரும்.

ஆகவே சோலாரின் திட்ட அறிக்கையில் இந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: நெருக்கடியான இயந்திரத்தில் மாதம் எத்தனை நிமிடம், புதிதாக எத்தனை தனிப் பாகங்கள், எத்தனை சப்ளையர்கள், ஒரு பம்புக்கு ஐந்து வருடத்தில் எத்தனை சர்வீஸ் பயணம், அதற்கு எவ்வளவு, பணம் வர எத்தனை மாதம், அதற்கு வட்டி எவ்வளவு. அந்த நிமிடங்களை எந்தப் பழைய மாடல்களிடமிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். 'சமாளித்துக்கொள்வோம்' என்று எழுதினால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

கணக்கு தேறினால் என் யோசனை இது. முதல் வருடம் இரண்டே எச்பி அளவுகள், அதிகம் கேட்கப்படும் இரண்டு. கண்ட்ரோலரை வெளியிலிருந்து வாங்குங்கள், ஒரே சப்ளையரிடம். ஆனால் அதன் பழுது உங்கள் தலையில்தான் விழும் என்பதால் பழுது பார்க்கும் ஒப்பந்தத்தோடு வாங்குங்கள். ஏற்கெனவே சர்வீஸ் ஆட்கள் இருக்கும் மாவட்டங்களை விட்டு வெளியே டெண்டர் எடுக்காதீர்கள், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும். சோலார் வருவதற்கு முன்பே வைண்டிங்கிலோ மெஷினிங்கிலோ, எங்கே நெருக்கடியோ அங்கே, செட்டிங் நேரத்தைப் பாதியாக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். அது சோலார் இல்லாவிட்டாலும் காசு தரும். ஒரு முழுக் கோடை முடிந்ததும் அதே அளவுகளை மறுபடி எடுங்கள். ஒரு பம்புக்கான சர்வீஸ் பயணம் நீங்கள் எழுதிய எண்ணுக்குள் நின்றால் மூன்றாவது எச்பியைச் சேர்க்கலாம். அதைத் தாண்டிவிட்டால், எவ்வளவு ஆர்டர் கையில் இருந்தாலும் பழுதின் காரணத்தைச் சரிசெய்யும்வரை அங்கேயே நிற்கவேண்டியதுதான்.